வீட்ல ரெக்கார்ட் பண்ண பாட்டை மிக்ஸ் பண்றப்போ கம்ப்ரஸர், ரிவெர்ப், டிலே: எதை எப்போ, எந்த வரிசைல போடணும்

புதுசா மிக்ஸ் பண்றவங்க ப்ராஜெக்ட் ஃபைலைத் திறந்து பாத்தா முக்கால்வாசி ஒரே மாதிரி தான் இருக்கும். எல்லா ட்ராக்லயும் ஒரு கம்ப்ரஸர் (பெரிய சத்தத்தை அமுக்கறது), எல்லா ட்ராக்லயும் தனித்தனியா ஒரு ரிவெர்ப் (ரூம்ல கேக்கற மாதிரி எதிரொலி சேக்கறது), எல்லா ட்ராக்கும் வந்து சேர்ற மாஸ்டர்ல ஒரு லிமிட்டர் (ஒரு அளவுக்கு மேல சத்தத்தை விடாதது) செவப்பா எரிஞ்சிட்டே இருக்கும், ஆனா ப்ளே பண்ணா பாட்டு அமுங்கிப்போய் தூரத்துல எங்கயோ கேக்கும். இதுல பாதி பேர் வெச்சிருக்கற ப்ளகின் (சாஃப்ட்வேருக்குள்ள போடற எஃபெக்ட்) எல்லாம் நல்ல ப்ளகின் தான், வேலை செஞ்ச வரிசை தான் தலைகீழா இருக்கும். அதனால இங்க நான் வரிசையைத் தான் ரொம்ப பிடிச்சு பேசப்போறேன், ஒவ்வொண்ணும் ஏன் அந்த இடத்துல வருதுன்னும் சொல்லிடறேன்.

1. முன்னாடியே ரெடியா இருக்க வேண்டியது

ஒரு கம்ப்ரஸர், ஒரு ஈக்யூ (வேணுங்கற ஃப்ரீக்வன்சியை மட்டும் ஏத்தி இறக்கறது), ஒரு ரிவெர்ப், ஒரு டிலே (சத்தத்தைக் கொஞ்சம் தள்ளி திரும்பச் சொல்றது), ஒரு லவுட்னஸ் மீட்டர். அவ்ளோ தான். உங்க ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் கூடவே வர்றதே போதும், அது பிடிக்கலைன்னா இலவசமாவே டிடிஆர் கோடெல்னிகாவ், வல்ஹல்லா சூப்பர்மாஸிவ், யூலீன் லவுட்னஸ் மீட்டர் மாதிரி நல்லது கிடைக்குது. பத்து கம்ப்ரஸர் இறக்கி வெச்சா எதோட அட்டாக் நாப் (எவ்ளோ சீக்கிரம் அமுக்க ஆரம்பிக்கணும்ங்கறது) எப்படி நடந்துக்கும்னு கடைசி வரைக்கும் தெரியாது, ஒண்ணை வெச்சு பழகுங்க.

ரெக்கார்டிங் 24 பிட்ல இருக்கட்டும், பீக் மைனஸ் 10 டிபி பக்கத்துல வந்தா போதும். சத்தமா ரெக்கார்ட் பண்ணணும்னு மைனஸ் 1 வரைக்கும் தள்ளி எங்கயாவது க்ளிப் ஆச்சுன்னா (உச்ச அளவைத் தாண்டி சத்தம் வெட்டுப்பட்டா) அதை கம்ப்ரஸர் சரி பண்ணாது, அந்த கரகரப்பு அப்படியே உள்ள தங்கிடும்.

அப்புறம் ஒரு சின்ன டெஸ்ட், யாரும் பண்றதில்ல. வோக்கல் ட்ராக்கை 10 டிபி ஏத்தி, பாடாத இடங்களை மட்டும் கேளுங்க. ஃபேன் சத்தம், ரூம் எக்கோ, நாற்காலி கிரீச், ஹெட்ஃபோன்ல இருந்து ஒழுகுன க்ளிக், இதெல்லாம் எவ்ளோ கேக்குதோ கிட்டத்தட்ட அவ்ளோ தான் கம்ப்ரஸ் பண்ணி மேக்கப் கெயின் ஏத்துனதுக்கு அப்புறமும் கேக்கும். கம்ப்ரஸர் பெரிய சத்தத்தை இறக்குது, நீங்க மொத்தத்தையும் திரும்ப ஏத்துறீங்க, அப்போ சின்ன சத்தம் எல்லாம் மேல வந்து தானே ஆகணும். இந்த டெஸ்ட்லயே தாங்கலைன்னா திரும்ப பாடி ரெக்கார்ட் பண்றது தான் சீக்கிரமான வழி.

2. கம்ப்ரஸரைத் தொடாம பேலன்ஸ்

எல்லா எஃபெக்ட்டும் ஆஃப். ஃபேடரை (ட்ராக்கோட வால்யூம் ஸ்லைடர்) மட்டும் வெச்சு பாட்டை ஓரளவு பாட்டா கேக்க வெயுங்க. மோனோல பண்ணா இன்னும் நல்லது, ஏன்னா ஒண்ணு மேல ஒண்ணு ஏறி மறைக்கிறது மோனோல தான் உடனே தெரியும்.

இப்போ எங்க சிக்கல்னு கவனிங்க. ஒரு வரில ரெண்டு வார்த்தை மட்டும் துள்ளுதா? அந்த இடத்துல க்ளிப்பை (ட்ராக்ல இருக்கற ஆடியோ துண்டு) வெட்டி க்ளிப் கெயினை, அதாவது அந்த துண்டோட சத்தத்தை மட்டும், இறக்கிடுங்க. சரணம் முழுக்க பல்லவியை விட மெதுவா பாடியிருக்கா? சரணத்தோட க்ளிப் கெயினை 3 டிபி ஏத்துங்க. இதைச் செய்யாம கம்ப்ரஸர்கிட்ட விட்டா அது பல்லவில மூச்சு முட்ட அமுக்கும், சரணத்துல சும்மா உக்காந்திருக்கும், ஒரே பாடகர் ரெண்டு ஆள் மாதிரி கேப்பாரு.

ஃபேடரும் க்ளிப் கெயினும் ஒண்ணுன்னு தான் நெறைய பேர் நெனைக்கிறாங்க, அங்க தான் தடுக்கி விழறாங்க. பெரும்பாலான சாஃப்ட்வேர்ல ஃபேடர் இன்சர்ட்டுக்கு (ட்ராக் மேலயே நேரா போட்ட ப்ளகினுக்கு) அப்புறம் வருது, க்ளிப் கெயின் இன்சர்ட்டுக்கு முன்னாடி. அதாவது ஃபேடரை எவ்ளோ ஏத்தி இறக்குனாலும் கம்ப்ரஸருக்குள்ள போற லெவல் மாறாது, க்ளிப் கெயினைத் தொட்டா மாறிடும். கம்ப்ரஸரை செட் பண்ணி முடிச்சிட்டு அப்புறமா க்ளிப் கெயினைத் தொட்டீங்கன்னா த்ரெஷோல்டை (எந்த சத்தத்துக்கு மேல போனா அமுக்கணும்ங்கற அளவு) மறுபடி பாக்கணும். அதனால தான் இந்த வேலை முதல்ல.

3. அடிச்சத்தத்தை வடிகட்டிட்டு தான் கம்ப்ரஸர்

வோக்கல்ல 80ல இருந்து 100 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு ஹை பாஸ் ஃபில்டர் (அதுக்கு கீழ இருக்கற அடிச்சத்தத்தை வெட்டறது), அதை கம்ப்ரஸருக்கு முன்னாடி போடுங்க. ப, ப்ப மாதிரி எழுத்து வர்றப்போ மைக்ல விழற காத்து, ஸ்டாண்ட் அதிர்வு, இதெல்லாம் காதுக்கு பெருசா தெரியாது ஆனா எனர்ஜி ஜாஸ்தி. கம்ப்ரஸர் அதைப் பாத்துட்டு குரலை அமுக்கிடும், ஏன் இந்த வார்த்தை மட்டும் உள்ள போகுதுன்னு நீங்க மண்டையை உடைச்சிட்டு இருப்பீங்க.

அதே மாதிரி மூக்கடைச்ச மாதிரியோ டப்பாக்குள்ள பேசுற மாதிரியோ ஒரு ஃப்ரீக்வன்சி துருத்திட்டு இருந்தா அதையும் இங்கயே 2, 3 டிபி குறைச்சிடுங்க. பளபளப்பு ஏத்துறது, காத்தோட்டம் சேக்கறது, அந்த மாதிரி ஏத்துற ஈக்யூ எல்லாம் கம்ப்ரஸருக்கு அப்புறம் வெச்சுக்கலாம். ஹை பாஸை எல்லா ட்ராக்லயும் 200க்கு இழுத்து விடறதும் ஒரு வியாதி, அப்படி பண்ணா மிக்ஸ் மெலிஞ்சு போயிடும்.

4. கம்ப்ரஸர் நாப்களை எந்த வரிசைல திருப்பணும்

முதல்ல கணக்கு ஒண்ணு பாத்துடலாம். த்ரெஷோல்ட் மைனஸ் 20, ரேஷியோ 4:1, குரல் மைனஸ் 8 வரைக்கும் வருதுன்னு வெச்சுக்கோங்க. த்ரெஷோல்டை 12 டிபி தாண்டியிருக்கு, அதுல நாலுல ஒரு பங்கு தான் வெளிய விடும், அதாவது 3 டிபி. வெளிய வர்றது மைனஸ் 17, மீட்டர்ல கெயின் ரிடக்‌ஷன் 9 டிபி காட்டும். இது புரிஞ்சா ப்ரீசெட் ஏன் வேலைக்கு ஆகலைன்னும் புரியும். ப்ரீசெட்ல மைனஸ் 20ன்னு போட்டவருக்கு உங்க ட்ராக் எவ்ளோ சத்தம்னு தெரியாது. உங்க குரல் மைனஸ் 22ல இருந்தா அந்த ப்ரீசெட் ஒண்ணுமே பண்ணாது.

ஆட்டோ மேக்கப் கெயின்னு ஒரு பட்டன் இருந்தா ஆஃப் பண்ணிடுங்க. சத்தம் கூடுனா காதுக்கு நல்லா இருக்கற மாதிரி தான் தோணும், அப்புறம் கம்ப்ரஸர் நல்லது பண்ணுச்சா சத்தம் மட்டும் கூடுச்சான்னு கண்டுபிடிக்க முடியாது.

இப்போ வரிசை. பெரும்பாலும் எல்லாரும் த்ரெஷோல்ட்ல இருந்து ஆரம்பிப்பாங்க, நான் அதோட சரியான அளவைக் கடைசில தான் முடிவு பண்ணுவேன். முதல்ல ரேஷியோவை உச்சத்துக்கு கொண்டு போங்க, 20:1 இருந்தா 20:1. த்ரெஷோல்டை நல்லா இறக்கி 15, 20 டிபி ரிடக்‌ஷன் வர்ற அளவுக்கு அமுக்குங்க. ரிலீஸ் (அமுக்குனதை எவ்ளோ சீக்கிரம் விடணும்ங்கறது) வேகமா இருக்கட்டும். கேக்க கொடூரமா இருக்கும், இருக்கட்டும், வேணும்னே தான் அப்படி வெக்கிறோம். இந்த அளவுக்கு அமுக்குனா தான் அட்டாக்கும் ரிலீஸும் என்ன பண்ணுதுன்னு புது காதுக்கு கேக்கும், 2 டிபி ரிடக்‌ஷன்ல அனுபவசாலிக்கே அது லேசுல கேக்காது.

அடுத்து அட்டாக். வேகமா வெச்சு, கொஞ்சம் கொஞ்சமா மெதுவாக்குங்க. ட்ரம்ஸா இருந்தா அடியோட முனை, அந்த டக் சத்தம், முதல்ல காணாமப் போயிருக்கும், அட்டாக் 10, 20, 30 மில்லி செகண்ட்னு போகப்போக திரும்ப எட்டிப் பாக்கும். வோக்கல்ல மெய்யெழுத்துக்கள் தெளிவா வர்ற இடத்துல நிறுத்துங்க, பெரும்பாலும் 5க்கும் 15க்கும் நடுவுல வந்து நிப்பீங்க. அக்கூஸ்டிக் கிட்டார்ல பிக் சத்தம் குத்துதுன்னா வேகமா, தொலைஞ்சு போச்சுன்னா மெதுவா.

அடுத்து ரிலீஸ். கெயின் ரிடக்‌ஷன் மீட்டரைப் பாருங்க, ஆனா காதையும் மூடிடாதீங்க. முள் கீழ போயிட்டு அடுத்த அடி வர்றதுக்குள்ள கிட்டத்தட்ட மேல வந்துடணும், பாட்டோட தாளத்துக்கு அது சேர்ந்து ஆடற மாதிரி இருக்கும். ரொம்ப மெதுவா இருந்தா முள் கீழயே படுத்திருக்கும், அப்போ கம்ப்ரஸர் வெறும் வால்யூம் குறைக்கிற மெஷின் தான். ரொம்ப வேகமா இருந்தா ஒவ்வொரு வரிக்கும் நடுவுல மூச்சு சத்தம் புஸ்ஸுன்னு ஏறி வரும்.

பேஸ் கிட்டார்ல தனியா ஒரு விஷயம். 50 ஹெர்ட்ஸ் நோட்டோட ஒரு சுத்து 20 மில்லி செகண்ட். அட்டாக்கும் ரிலீஸும் ரெண்டுமே அதை விட ரொம்ப வேகமா இருந்தா கம்ப்ரஸர் நோட்டோட வால்யூமை விட்டுட்டு ஒவ்வொரு அலையையும் துரத்த ஆரம்பிச்சிடும், கரகரன்னு டிஸ்டார்ஷன் வரும். வேணும்னே அந்த டிஸ்டார்ஷனை எடுக்கறவங்க இருக்காங்க, அது வேற கதை.

அட்டாக், ரிலீஸ் முடிஞ்சதுக்கு அப்புறம் தான் ரேஷியோவை இறக்கணும். வோக்கலுக்கு 3:1, 4:1, பேஸுக்கு 4:1, மொத்த மிக்ஸுக்கு 2:1 சுத்தி. கடைசியா த்ரெஷோல்டை மேல ஏத்திட்டே வாங்க, சத்தமான இடத்துல 3ல இருந்து 6 டிபி வரைக்கும் ரிடக்‌ஷன், மெதுவான இடத்துல முள் அசையவே கூடாது. எல்லா இடத்துலயும் முள் அசையுதுன்னா த்ரெஷோல்ட் இன்னும் மேல போகணும்.

மேக்கப் கெயினை இப்போ தான் ஏத்தணும், பைபாஸ் பண்ணாலும் பண்ணலைன்னாலும் ஒரே சத்தம் வர்ற அளவுக்கு. கண்ணை மூடிட்டு பைபாஸ் பட்டனை அஞ்சாறு தடவை தட்டுங்க, எது ஆன் எது ஆஃப்னு மறந்து போற வரைக்கும். அப்புறம் எது நல்லா இருக்குன்னு முடிவு பண்ணுங்க. பல நேரம் கம்ப்ரஸர் இல்லாதது ஜெயிச்சிடும், அப்போ கூச்சப்படாம தூக்கிடுங்க. டிஸ்டார்ட் ஆன எலக்ட்ரிக் கிட்டார் அலையை ஏற்கனவே ஆம்ப்பே கம்ப்ரஸ் பண்ணியிருக்கும், அதுக்கு மேல என்ன வேலை இருக்கு. சாம்பிள் பேக்ல எடுத்த ட்ரம்ஸும் முக்கால்வாசி அப்படித்தான்.

இது எல்லாத்தையும் சோலோல (அந்த ட்ராக்கை மட்டும் தனியா கேட்டு) பண்ணிட்டு அப்படியே விட்டுடாதீங்க. அட்டாக், ரிலீஸ் தேட சோலோ ஓகே, த்ரெஷோல்டை முழு பாட்டும் ஓடறப்போ தான் முடிவு பண்ணணும்.

5. ஒரே கம்ப்ரஸர் மூச்சு வாங்குனா ரெண்டு போடுங்க

10 டிபி ரிடக்‌ஷன் வேணும்னா ஒண்ணுலயே எடுக்காம ரெண்டுல பிரிச்சா அமுக்குனதே தெரியாது. முதல் கம்ப்ரஸர் வேகமா துள்ளுற பீக்கை மட்டும் பிடிக்கும், ரெண்டாவது மெதுவா மொத்த லெவலை சமமாக்கும். ரொம்ப நாளா ஸ்டூடியோல வோக்கலுக்கு ஓடற ஜோடி 1176, எல்ஏ-2ஏன்னு ரெண்டு கம்ப்ரஸர் மெஷின், ரெண்டுக்கும் ப்ளகின் வடிவம் எக்கச்சக்கமா இருக்கு.

1176ல அட்டாக், ரிலீஸ் நாப் ரெண்டும் மத்ததுக்கு தலைகீழ், வலது பக்கம் திருப்புனா தான் வேகம். இது தெரியாம வேகமா வெக்கிறேன்னு மெதுவா வெச்சவங்க நெறைய. அதோட மெதுவான அட்டாக்கே 800 மைக்ரோ செகண்ட் தான், ஒரு மில்லி செகண்ட் கூட இல்ல, அதனால 30 மில்லி செகண்ட் அட்டாக் வேணும்னா அது இந்த மெஷின்ல கிடைக்காது. த்ரெஷோல்ட் நாபும் கிடையாது, இன்புட்டை ஏத்துனா தான் கம்ப்ரஷன் கூடும். எல்ஏ-2ஏல ரெண்டே நாப் தான் முக்கியம், எவ்ளோ அமுக்கணும்னு ஒண்ணு, எவ்ளோ ஏத்தணும்னு ஒண்ணு. அதோட ரிலீஸ் பாதி தூரம் சட்டுனு வந்துடும், மீதி செகண்ட் கணக்குல மெதுவா வரும், குரலுக்கு அது இயல்பா ஒட்டிக்கறதுக்கு காரணமே அது தான்.

ரெண்டு கம்ப்ரஸரும் முடிஞ்சதும் ஸ, ஷ எழுத்துக்கள் கத்தி மாதிரி வந்தா ஆச்சரியப்பட வேண்டாம், மெதுவான அட்டாக் அதை உள்ள விட்டுட்டு மத்ததை அமுக்கியிருக்கும். 5ல இருந்து 8 கிலோஹெர்ட்ஸ்க்குள்ள டி-எஸ்ஸர் (ஸ, ஷ சத்தத்தை மட்டும் அமுக்கறது) வெச்சு 3, 4 டிபி குறைச்சா போதும். அதுக்கு மேல போனா பாடறவருக்கு நாக்கு தடுமாறுற மாதிரி கேக்கும்.

6. பேரலல் கம்ப்ரஷன்

ட்ரம்ஸ் குரூப்பை ஒரு தனி பஸ்ஸுக்கு (பல ட்ராக் வந்து சேர்ற சேனல்) செண்ட் பண்ணி, அதாவது ஒரிஜினலை விட்டுட்டு ஒரு நகலை அனுப்பி, அங்க 10, 15 டிபி கண்ணு மண்ணு தெரியாம அமுக்கி, அந்த பஸ் ஃபேடரை அடில இருந்து மெதுவா ஏத்துங்க. ஒரிஜினலோட அடியும் இருக்கும், நடுவுல இருக்கற கனமும் சேரும். இது எங்க சொதப்பும்னா, பஸ்ல போட்ட ப்ளகின் லேட்டன்சியை (வேலை செய்ய அது எடுத்துக்கற தாமதத்தை) சாஃப்ட்வேர் சரியா ஈடு கட்டலைன்னா ரெண்டும் சில மில்லி செகண்ட் தள்ளி வந்து சத்தம் குழாய்க்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆகிடும். ஃபேடரை ஏத்துறப்போ கனம் கூடாம மெலிஞ்சதுன்னா உடனே இதைச் சந்தேகப்படுங்க. டிலே காம்பன்சேஷன் ஆன்ல இருக்கான்னு பாருங்க.

7. ரிவெர்பும் டிலேவும் செண்ட்ல தான்

ட்ராக்குக்கு ட்ராக் இன்சர்ட்ல ரிவெர்ப் போடாதீங்க. ஒரு பஸ், அதுல ஒரு ரிவெர்ப், எல்லா ட்ராக்ல இருந்தும் வேணுங்கற அளவுக்கு செண்ட். எல்லாரும் ஒரே ரூம்ல இருந்து பாடி வாசிக்கிற மாதிரி வரும், கம்ப்யூட்டரும் மூச்சு வாங்காது, ரிவெர்ப் சத்தத்தை மட்டும் தனியா ஈக்யூ பண்ணவும் முடியும்.

பஸ்ல ரிவெர்ப் முழுக்க வெட்டா (wet, எஃபெக்ட் சத்தம் மட்டும்) இருக்கணும், ட்ரை (dry, எஃபெக்ட் இல்லாத ஒரிஜினல் சத்தம்) பூஜ்யம். இதை மறந்தா ஒவ்வொரு தடவை செண்டை ஏத்துறப்பவும் ட்ரை சத்தமும் சேர்ந்து ஏறும், ரிவெர்ப் கூடவே இல்லையேன்னு இன்னும் ஏத்துவீங்க. செண்ட் ஃபேடருக்கு அப்புறம் எடுக்கறதா இருக்கட்டும். இல்லனா வோக்கலை இறக்குனாலும் ரிவெர்ப் மட்டும் பேய் மாதிரி அப்படியே நிக்கும்.

வோக்கல் ரிவெர்புக்கு ப்ரீ-டிலே 20ல இருந்து 40 மில்லி செகண்ட். குரல் முதல்ல வந்து சேரும், ரூம் கொஞ்சம் பின்னாடி வரும், அதனால வார்த்தை முன்னாடி நிக்கும். ப்ரீ-டிலே பூஜ்யமா இருந்தா குரல் சுவரோட ஒட்டிக்கும். ரிவெர்புக்கு முன்னாடி ஒரு ஈக்யூ, அடில 500, 600 ஹெர்ட்ஸ் வரைக்கும் வெட்டி, மேல 8ல இருந்து 10 கிலோஹெர்ட்ஸ்க்கு மேல வெட்டிடுங்க. சோலோல கேட்டா ரேடியோ மாதிரி இருக்கும், பாட்டோட சேர்த்து கேட்டா சேறு எல்லாம் வடிஞ்சிருக்கும்.

டிலேவுக்கு கணக்கு சுலபம். 60000ஐ டெம்போவால வகுத்தா ஒரு பீட்டோட மில்லி செகண்ட் வரும். 100 பிபிஎம் பாட்டுக்கு 600, பாதி பீட் 300, முக்கால் பீட் 450. சாஃப்ட்வேர் சிங்க் பட்டன் இதைத் தானே பண்ணுதுன்னு கேப்பீங்க, பண்ணும், ஆனா நீங்க க்ளிக் இல்லாம ரெக்கார்ட் பண்ணியிருந்தா ப்ராஜெக்ட் டெம்போ வெறும் 120ல சும்மா இருக்கும், சிங்க் அதுக்குத் தான் ஆடும். அப்போ கைல தட்டி டெம்போ கண்டுபிடிச்சு கையால தான் போடணும்.

நிறைய வார்த்தை இருக்கற வேகமான பாட்டுக்கு ரிவெர்பை விட டிலே நல்லது, வார்த்தைகளுக்கு நடுவுல இருக்கற இடத்தை அது அடைச்சுக்காது. டிலே பஸ்ல ஒரு கம்ப்ரஸர் போட்டு அதோட சைட்செயினுக்கு (எந்த சத்தத்தைக் கேட்டு அமுக்கணும்னு சொல்ற இன்புட்) வோக்கலைக் குடுங்க, பாடறப்போ டிலே ஒதுங்கிக்கும், வரி முடிஞ்சதும் எழுந்து வரும்.

அளவு எவ்ளோன்னு தெரியலைன்னா, ரிவெர்ப் தெளிவா கேக்கற வரைக்கும் ஏத்திட்டு அங்க இருந்து 2, 3 டிபி இறக்குங்க. ம்யூட் பண்ணா ஏதோ குறையுதுன்னு தெரியணும், ஆன்ல இருக்கறப்போ ரிவெர்ப் இருக்குன்னு கவனம் போகக்கூடாது.

8. நிஜமான கியரை இணைக்கறவங்களுக்கு

வெளி கம்ப்ரஸரோ ரிவெர்ப் யூனிட்டோ வெச்சிருந்தா, ஆடியோ இன்டர்ஃபேஸ்ல ஸ்பீக்கருக்குப் போற அவுட்புட் போக இன்னொரு லைன் அவுட்டும் ஒரு லைன் இன்னும் காலியா இருக்கணும், ஸ்டீரியோன்னா ரெண்டு ரெண்டு. ரெண்டு அவுட்புட் மட்டும் இருக்கற சின்ன இன்டர்ஃபேஸ்ல இது ஒழுங்கா நடக்காது, அதைத் தெரிஞ்சுக்காம யூனிட்டை வாங்கிட்டு வர்றவங்க இருக்காங்க.

கேபிளைச் சொருகறதுக்கு முன்னாடி ஸ்பீக்கரை ம்யூட் பண்ணுங்க, இன்புட்டோட டைரக்ட் மானிட்டரிங்கை ஆஃப் பண்ணுங்க. ரூட்டிங் தப்பாகி அவுட்புட் திரும்ப அதே லூப்ல போச்சுன்னா வர்ற ஊளைச்சத்தம் ட்வீட்டரையும் காதையும் ஒண்ணா பதம் பாக்கும்.

லெவலைப் பொருத்துங்க. ஸ்டூடியோ கியர் ப்ளஸ் 4 டிபியூல ஓடும், வீட்டு உபயோக சாமான் மைனஸ் 10 டிபிவில ஓடும், ரெண்டுக்கும் கிட்டத்தட்ட 12 டிபி வித்தியாசம். பின்னாடி சுவிட்ச் இருந்தா ஒரே மாதிரி வெயுங்க. கிட்டார் பெடலை இப்படி நேரா லைன் அவுட்ல சொருகாதீங்க, அது எதிர்பாக்கறது கிட்டார்ல இருந்து வர்ற சின்ன சிக்னல், நடுவுல லெவலை கிட்டார் அளவுக்கு மாத்துற ரீஆம்ப் பாக்ஸ் ஒண்ணு வேணும்.

அப்புறம் லேட்டன்சி. சத்தம் வெளிய போயிட்டு திரும்பி வர நேரமாகும். ரீப்பர்ல ரியாஇன்சர்ட், லாஜிக்ல ஐ/ஓ ப்ளகின், ஏபில்டன்ல எக்ஸ்டர்னல் ஆடியோ எஃபெக்ட், இதெல்லாம் அந்த நேரத்தை ஈடு கட்டறதுக்கு வழி வெச்சிருக்கு, அதைச் செட் பண்ணாம விட்டா ட்ராக் தாளத்துக்கு பின்னாடியே இழுக்கும். பஃபர் சைஸை மாத்துனா மறுபடி சரிபாருங்க. எக்ஸ்போர்ட்டும் ரியல் டைம்ல தான் பண்ணணும், வேகமா பண்ணா கியருக்கு சத்தமே போய்ச் சேராது.

பிடிச்ச மாதிரி வந்ததும் அதைப் புது ட்ராக்ல ரெக்கார்ட் பண்ணி வெச்சிடுங்க, ஒரிஜினலை அழிக்காதீங்க, நாப் இருக்கற நிலையை ஃபோன்ல ஒரு ஃபோட்டோ எடுத்துக்கோங்க. வெளி கியர்ல ப்ராஜெக்ட்டைத் திறந்தா செட்டிங் தானா திரும்பி வராது. பாடி ரெக்கார்ட் பண்றப்பவே கம்ப்ரஸர் வழியா உள்ள எடுக்கறீங்கன்னா 2, 3 டிபிக்கு மேல வேண்டாம், அமுக்கி எடுத்ததை அப்புறம் அவிழ்க்க முடியாது.

9. மிக்ஸ் பஸ், லிமிட்டர்

எல்லா ட்ராக்கும் வந்து சேர்ற மிக்ஸ் பஸ்ல ஒரு கம்ப்ரஸர்: 2:1, அட்டாக் 30 மில்லி செகண்ட், ரிலீஸ் ஆட்டோ, 1ல இருந்து 2 டிபி ரிடக்‌ஷன். கிக் அடிக்கறப்போ எல்லாம் மொத்த பாட்டும் உள்ள போயிட்டு வந்தா சைட்செயின் ஹை பாஸை 100 ஹெர்ட்ஸ் பக்கம் ஆன் பண்ணுங்க, கம்ப்ரஸர் கிக்கோட அடிச்சத்தத்தைக் கண்டுக்காது.

லிமிட்டரை மிக்ஸ் முடியற வரைக்கும் போடாதீங்க, அது எல்லா தப்பையும் மூடி மறைச்சிடும். ஸ்பாட்டிஃபை சாதாரண செட்டிங்ல மைனஸ் 14 லஃப்ஸ்க்கு (LUFS, காதுக்கு எவ்ளோ சத்தமா கேக்குதுன்னு அளக்கற அலகு) லெவல் பண்ணிடுது, அதனால அமுக்கி மைனஸ் 7க்கு கொண்டு போனா அங்க திரும்ப இறக்கித் தான் ஓடும், அமுக்குன சேதம் மட்டும் மிச்சம். ட்ரூ பீக் மைனஸ் 1ல நிறுத்துங்க.

10. கேக்கறப்போ தப்பா இருந்தா எங்க தேடணும்

பாட்டு தூரத்துல இருக்கற மாதிரி இருந்தா முதல்ல ட்ரம்ஸ், வோக்கல் அட்டாக்கை மெதுவாக்கிப் பாருங்க, அதுக்கு அப்புறம் தான் ரிவெர்பைக் குறைக்கணும். புதுசா வர்றவங்க நேரா ரிவெர்பைக் குறைப்பாங்க, வேகமான அட்டாக் முனையை எல்லாம் வெட்டி வெச்சிருக்கும், ரிவெர்பே இல்லாட்டியும் அது பின்னாடி தான் நிக்கும்.

மூச்சு சத்தம் பாட்டை விட பெருசா கேட்டா ரிலீஸை மெதுவாக்குங்க, அப்பவும் அடங்கலைன்னா மூச்சை மட்டும் வெட்டி க்ளிப் கெயினை 6 டிபி இறக்குங்க. முழுசா அழிச்சிடாதீங்க, மூச்சே விடாம பாடற மாதிரி இருக்கும்.

மோனோல மாத்துனதும் கிட்டாரோ கோரஸ் எஃபெக்ட் போட்டதோ காணாமப் போச்சுன்னா, அகலமாக்கறேன்னு போட்ட ஸ்டீரியோ வைடனரையும் ஒரு பக்கம் மட்டும் 10, 15 மில்லி செகண்ட் தள்ளி வெச்ச டிலேவையும் முதல்ல எடுங்க. ஃபோன் ஸ்பீக்கர்ல முக்கால்வாசி பேர் கேக்கறது கிட்டத்தட்ட மோனோ தான்.

எதுவுமே பிடிபடலைன்னா எல்லா இன்சர்ட்டையும் பைபாஸ் பண்ணி ரெண்டாவது படில பண்ண பேலன்ஸைக் கேளுங்க. அது இப்போ இருக்கறதை விட நல்லா இருந்தா அங்க இருந்து ஒவ்வொரு கம்ப்ரஸரா திரும்ப ஆன் பண்ணிட்டு வாங்க, எது ஆன் ஆனதும் பாட்டு சுருங்குதோ அது தான் குற்றவாளி.